ஹரிலால் காந்தி: தேசத்தந்தையின் மூத்த மகன் குடியிலிருந்து ஏன் மீள முடியாமல் போனது?

நீங்கள் டெல்லியில் வேலை பார்ப்பவராக இருந்தால், ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது கட்டாயம் ஒருமுறையாவது மந்திர் மார்க் போயிருப்பீர்கள். பிர்லா மந்திர் அங்கேதான் இருக்கிறது. படியேறி, சாமி கும்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அதே சாலையில் வால்மீகி கோயில் ஒன்று இருப்பதும், அதன் வளாகத்தில் ஒரு சின்ன அறை இருப்பதும் பலர் கண்ணில் படுவதே இல்லை.

அந்த அறையில் காந்தி 214 நாட்கள் தங்கியிருந்தார். 1946 ஏப்ரலில் தொடங்கி 1947 ஜூன் வரை, விட்டுவிட்டு. அப்போது இந்தச் சாலைக்கு ரீடிங் ரோடு என்று பெயர். துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பில் தங்குவதென்று அவரே முடிவு செய்து வந்தார். பிரிட்டனிலிருந்து வந்த அமைச்சரவைத் தூதுக்குழுவினர் அவரைப் பார்க்க அங்கேதான் வந்தார்கள். நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்க ஊரே அந்த வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

அவருக்கு நான்கு மகன்கள். மூத்தவர் ஹரிலால். அப்போது 58 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை, நிலையான வேலை இல்லை. பல வருடங்களாகக் குடியிலிருந்து வெளியே வர முயன்று, ஒவ்வொரு முறையும் சறுக்கி விழுந்தவர் அவர்.

ஹரிலாலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அது அநேகமாக 2007-ல் வந்த ‘காந்தி மை ஃபாதர்’ இந்திப் படத்தின் வழியாக இருக்கும். அப்பா - மகன் மோதலாகவே அந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இங்கே நாம் கேட்கப்போவது வேறு கேள்வி. குடியை விட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்த ஒருவர், நாடே மதித்த ஒரு குடும்பத்தில் இருந்தும், ஏன் விட முடியவில்லை? இன்றைய மருத்துவம் அதை எப்படிப் பார்க்கும்?

‘சின்ன காந்தி’

ஹரிலால் பிறந்தது 1888-ல். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். திரும்பி வந்து இரண்டே வருடத்தில் தென்னாப்பிரிக்கா. மகனுடைய சின்ன வயதின் பெரும்பகுதியில் அப்பா ஊரில் இல்லை.

1906-ல் ராஜ்கோட்டில் ஹரிலாலுக்கும் குலாபுக்கும் திருமணம் நடந்தது. குடும்பத்தில் சஞ்சல் என்றுதான் கூப்பிடுவார்கள். இவ்வளவு சீக்கிரம் எதற்குக் கல்யாணம் என்பது காந்தியின் எண்ணம். ஆனாலும் அடுத்த வருடமே மகன் தென்னாப்பிரிக்கா போய் அப்பாவோடு சேர்ந்துகொண்டார்.

அங்கேதான் ஆச்சரியம். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற போராட்டம் நமக்கெல்லாம் தெரியும். அதற்கு முந்தைய கட்டத்தில், 1908 முதல் 1911 வரை, ஹரிலால் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். உரிமம் இல்லாமல் தெருவில் பொருள் விற்பது, வேண்டுமென்றே கைதாவது, வெளியே வந்ததும் மறுபடி அதையே செய்வது. அங்கிருந்த இந்தியர்கள் அவரை ‘சின்ன காந்தி’ என்றே அழைத்தார்கள். மன உறுதியே இல்லாத ஆள் என்று பின்னால் பலரும் அவரை எழுதினார்கள். இருபது வயதில் சிறையைப் பழக்கமாக்கிக்கொண்டவரைப் பற்றி அப்படிச் சொல்வதை ஏற்க முடியவில்லை.

அவருக்கு இருந்த ஆசை, முறையாகப் படிக்க வேண்டும் என்பது. அப்பாவைப் போல இங்கிலாந்து போய் பாரிஸ்டர் ஆக வேண்டும். காந்தியின் நண்பர் பிராண்ஜீவன் மேத்தா ஒருவரை இங்கிலாந்து அனுப்பிப் படிக்கவைக்க முன்வந்தார். காந்தி தேர்ந்தெடுத்தது தன் உறவுக்காரப் பையன் சகன்லாலை. அவர் உடல்நலம் கெட்டுத் திரும்பியதும் அந்த வாய்ப்பு சொராப்ஜி என்ற பார்சி இளைஞருக்குப் போனது. சொந்த மகனுக்குச் சலுகை காட்டக் கூடாது என்பது காந்தியின் கணக்கு. மகனுக்கு அது ஆறாத காயமாகிவிட்டது.

1911-ல் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பினார். வழியில் கண்டுபிடித்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். அன்று இரவு அப்பாவும் மகனும் நெடுநேரம் பேசினார்கள். மறுநாள் மகன் இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டார். அகமதாபாத்தில், தன்னைவிட ரொம்பச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து மெட்ரிகுலேஷன் படித்தார். தேறவில்லை. மறுபடி எழுதினார். அப்போதும் தேறவில்லை.

1918: எல்லாம் உடைந்த வருடம்

கொரோனாவைப் பார்த்த நமக்கு 1918-ன் ஸ்பானிஷ் ஃப்ளூவைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. அந்தக் கொள்ளைநோயில் சஞ்சல் இறந்துபோனார். ஹரிலாலுக்கு அப்போது 30 வயது. ராமி, காந்திலால், ரசிக், மனு என்று சின்னச் சின்னக் குழந்தைகள். கஸ்தூர்பாவும் சஞ்சலின் சகோதரியும் அவர்களை வளர்த்தார்கள். ஹரிலால் மறுமணம் செய்துகொள்ள விரும்பினார். அப்பாவின் ஆதரவு கிடைக்கவில்லை.

குடி அவர் வாழ்க்கையை முழுசாகப் பிடித்துக்கொண்டது இதற்குப் பிறகுதான். கல்கத்தாவில் வேலை, பிறகு வியாபாரம், கடன். அவர் இயக்குநராக இருந்த ஒரு கம்பெனியில் காந்தி என்ற பெயரை நம்பிப் பணம் போட்ட ஒருவர் ஏமாந்தார். அவருடைய வழக்கறிஞர் காந்திக்கே கடிதம் எழுத, 1925 ஜூனில் ‘யங் இந்தியா’ இதழில் காந்தி பகிரங்கமாகப் பதில் போட்டார். மகனுடைய வியாபாரத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை, அவருடைய வழி வேறு என்பது அதன் சாரம். பணம் போட்டவர்களைப் பொறுத்தவரை அது நேர்மையான செயல்தான். ஹரிலாலால் பலர் பணத்தை இழந்தார்கள் என்பதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்த இதழ் வந்த பிறகு, இந்தியாவில் எந்த ஊருக்குப் போனாலும் அவர் யார், என்ன செய்தார் என்பது அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

1929-ல் மகன் ரசிக் டெல்லியில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். இன்னும் இருபது வயதுகூட ஆகாத பையன். மனைவிக்குப் பிறகு மகன்.

1935 ஜூன்: ஒரே மாதம், இரண்டு கண்டங்கள்

1930-களின் நடுவில் ஹரிலால் அப்பாவுக்கு எழுதினார். குடியை விட்டுவிடுகிறேன், திரும்பி வருகிறேன் என்று. காந்திக்கு அளவில்லாத மகிழ்ச்சி. 1935-ல் மகன் வார்தாவுக்கு வந்து அப்பாவோடு தங்கினார். பிறகு ராஜ்கோட்டில், உறவினர் நாரண்தாஸ் காந்தியின் பொறுப்பில் வேலை. கொஞ்ச நாள் நன்றாகவே போனது. பிறகு பழைய கதை திரும்பியது.

அந்த ஜூன் மாதம் காந்தி மகனுக்கு எழுதிய கடிதம் ஒன்று பல ஆண்டுகள் கழித்து இங்கிலாந்து ஏலச் செய்தியால் வெளியே தெரிய வந்தது. இன்னும் மதுவில் நாட்டம் இருக்கிறதா, உண்மையைச் சொல் என்று அதில் கேட்கிறார். மறுபடி மதுவைத் தொடுவதைவிட நீ இறந்துபோவதே மேல் என்ற பொருளிலும் எழுதுகிறார்.

அதை எழுதியவர் மகனை வெறுத்தவர் அல்ல. நம் வீடுகளிலும் அம்மா, மனைவி, அப்பா வாயில் இதே வார்த்தை வருகிறதுதானே? களைத்துப்போன அன்பு பேசும் பேச்சு அது. ஆனால் கேட்கிற ஆளுக்கு அதிலிருந்து போய்ச் சேருவது ஒன்றுதான்: இன்னொரு முறை சறுக்கினால் எனக்கு இங்கே இடமில்லை. அப்புறம் சறுக்கியவுடன் அவர் செய்யும் முதல் காரியம் என்ன? மறைப்பது. இரண்டாவது, ஓடிப்போவது. ஹரிலால் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டையும்தான் செய்தார்.

இப்போது கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம். அதே 1935-ல், ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத்தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவைசிகிச்சை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவருமே குடியால் தொழிலை நாசமாக்கிக்கொண்டவர்கள். பில் சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தார். இன்னொரு குடிநோயாளியோடு பேசிக்கொண்டிருந்தால் தன்னால் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். டாக்டர் பாபும் நிறுத்தினார். ஆனால் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பில் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை, திட்டவும் இல்லை. நினைவு தெளியும்வரை கூடவே இருந்தார். 1935 ஜூன் 10 அன்று டாக்டர் பாப் குடித்ததுதான் அவருடைய கடைசிக் குடி. அந்தத் தேதியைத்தான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

வார்தாவிலும் ஆக்ரனிலும் அந்த மாதம் சறுக்கல் ஒன்றேதான். எதிரில் இருந்தவர் அதை என்னவாக எடுத்துக்கொண்டார் என்பதில்தான் வித்தியாசம். காந்திக்கு அது முறிந்த சபதம். தன் இளமைக்காலத்து இச்சைகளின் விளைவோ இது என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டவர் அவர். பில்லுக்கோ அது ஏற்கெனவே தெரிந்த ஒரு நோயின் அறிகுறி. காந்தியைக் குறை சொல்வதும் அவ்வளவு நியாயமில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கமே குடிநோயை நோய் என்று ஏற்றுக்கொண்டது 1956-ல்தான்.

சறுக்கல் என்றால் தோல்வியா?

இல்லை. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுப்பவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் மறுபடி சறுக்குகிறார்கள் என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளும் கிட்டத்தட்ட இதே அளவில்தான் மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி மருத்துவமனைக்கு வருகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு பிபி ஏறிவிட்டால், இனி என் முகத்தில் முழிக்காதே என்றா சொல்வீர்கள்? மருந்தளவைப் பார்ப்பீர்கள்.

நீண்ட காலம் குடிக்கும்போது, எது மகிழ்ச்சி, எது அவசியம் என்று மூளை போடுகிற கணக்கே மாறிவிடுகிறது. முடிவெடுத்து நிதானிக்க வைக்கும் பகுதி பலவீனமாகிறது. நிறுத்திய பிறகு அது சரியாக வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் தூக்கம் வராது, எரிச்சல் வரும், எதிலும் ருசி இருக்காது.

இன்னொரு விஷயம், இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது என்று போய் உயிருக்கே உலை வைக்கலாம். அதனால்தான் முதல் சில நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தோடு நிறுத்தச் சொல்கிறார்கள். ஹரிலால் காலத்தில் இதற்கு இருந்த வழி ஆசிரமம், சபதம், மனக்கட்டுப்பாடு. அவ்வளவுதான்.

வீடு, வேலை, கூட ஆள்

குடியை நிறுத்துவது மீட்சியின் முதல் பாதிகூட இல்லை என்பார்கள் இந்தத் துறையில் இருப்பவர்கள். அமெரிக்க அரசின் மனநல அமைப்பு மீட்சிக்கு நான்கு தூண்களைச் சொல்கிறது. உடல்நலம், வீடு, அன்றாடம் எழுந்து செய்ய ஒரு வேலை, சுற்றி மனிதர்கள். ஹரிலாலிடம் இதில் எது இருந்தது?

ஆசிரமம் ஒரு வீடுதான். ஆனால் விதிகளை மீறாதவரைதான் வீடு. வேலை கிடைத்தது, அதுவும் அப்பாவின் ஆட்கள் பார்த்துக் கொடுத்த வேலை. குடித்தாரா இல்லையா என்ற செய்தி அன்றைக்கே கடிதமாக வார்தா போய்விடும். சம்பளம் வாங்கி, வாடகை கொடுத்து, மளிகைக் கணக்குப் பார்த்து, சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வது என்று தானே ஒரு பழக்கத்தை உருவாக்கிக்கொள்கிற சாதாரண வாழ்க்கை அவருக்கு அமையவே இல்லை. குடியிலிருந்து மீண்டவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் சொல்வதெல்லாம் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும். ஆபீஸிலிருந்து திரும்பும்போது டாஸ்மாக் இருக்கும் தெருவைத் தவிர்ப்பது. சம்பள நாளன்று ஏடிஎம் கார்டை மனைவியிடம் கொடுத்துவிடுவது. டீம் பார்ட்டிக்கு வரவில்லை என்று காரணம் சொல்லாமலேயே மறுப்பது. பசியோடும் தூக்கமில்லாமலும் இருக்க விடாமல் பார்த்துக்கொள்வது.

கூட ஆள் என்ற விஷயத்தில் ஹரிலாலின் நிலைமைதான் ரொம்பப் பரிதாபம். அவரைச் சுற்றி அறிவுரை சொல்ல நூறு பேர் இருந்தார்கள். இதே நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. தம்பி தேவதாஸ் ராஜாஜியின் மருமகன். அந்த ராஜாஜிதான் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அப்பாவின் இயக்கமோ நாடு முழுக்கக் கள்ளுக்கடை மறியல் நடத்திய இயக்கம். குடியை ஒழிப்பதே கொள்கையாக இருக்கும் குடும்பத்தில் குடிநோயாளியாக இருப்பதென்றால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

1936 மே மாதம் அவர் பம்பாயில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா ஆனார். அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆரிய சமாஜம் வழியாக மறுபடி இந்து மதத்துக்குத் திரும்பினார். அரசியலில் அது பெரிய புயலைக் கிளப்பியது. குடி மட்டும் நிற்கவில்லை.

கஸ்தூர்பாவிடம் மட்டும் அவருக்கு வேறு மாதிரியான பாசம். கட்னி ரயில் நிலையத்தில் ஒருமுறை காந்தி பயணம் செய்த ரயில் நின்றபோது, கிழிந்த உடையில் கூட்டத்துக்குள்ளிருந்து வந்து அம்மாவிடம் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தாராம். அப்பா கேட்டதற்கு, இது அம்மாவுக்கு மட்டும்தான் என்றாராம். 1944 பிப்ரவரியில் ஆகா கான் மாளிகைச் சிறையில் அம்மா சாகக் கிடந்தபோதும் வந்தார். ஆனால் குடித்துவிட்டு வந்தார். கஸ்தூர்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரை வெளியே கூட்டிப் போனார்கள். பிப்ரவரி 22 அன்று அம்மா இறந்தார்.

பிற்காலத்தில் மைசூரில் மகனும் மருமகளும் கொஞ்ச நாள் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சாதாரண வீடு, சாதாரண சமையல். அவருக்குக் கிடைத்ததிலேயே மறுவாழ்வுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்த ஏற்பாடு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் நிலைக்கவில்லை.

1948 ஜனவரி 30 அன்று காந்தி கொல்லப்பட்டார். நாலரை மாதம் கழித்து, ஜூன் 18 அன்று, ஹரிலால் பம்பாயில் காசநோய்க்கு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் இறந்தார். மகள் ராமியின் மகள் நீலம் பரீக் பின்னால் தாத்தாவைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். காந்திஜியின் தொலைந்துபோன மாணிக்கம் என்பது அதன் தலைப்புக்கு அர்த்தம்.

இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது?

நிறையவே. ஹரிலால் இறந்த அதே 1948-ல்தான் டென்மார்க் ஆய்வாளர்கள் டைசல்ஃபிரம் என்ற மருந்தைப் பற்றி அறிவித்தார்கள். இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உடல் கடுமையாக எதிர்க்கும். பிறகு குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்றவை வந்தன. இங்கே ஓர் எச்சரிக்கை. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் என்று பொடி விற்கிறார்கள் பாருங்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் மாதிரி ஏதாவது கலந்திருந்து அவர் குடித்தும்விட்டால் உயிரே போகலாம். நோயாளிக்குத் தெரிந்து, மருத்துவர் எழுதிக்கொடுத்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1957-ல் இந்தியாவுக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். குடும்பத்தினருக்கும் அங்கே தனியாகப் பயிற்சி உண்டு. டெல்லி பக்கம் இருப்பவர்களுக்கு எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம் காசியாபாத்தில் இருக்கிறது.

ஆனால் எத்தனை பேர் போகிறார்கள்? மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அதில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேருக்கும் இன்னும் 1935-தான் நடந்துகொண்டிருக்கிறது.

ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் உங்கள் வயதுக்காரர்களை நிறுத்திவைக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் தொடர்பான மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கக் கோரும் உரிமை நோயாளிக்கு உண்டு. கஞ்சா, ஹெராயின் போன்றவை என்றால் சட்டப் பயம் இன்னும் அதிகமாக இருக்கும். தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு, சிறிய அளவு வைத்திருந்தது, பயன்படுத்தியது போன்ற வழக்குகளில் பாதுகாப்புத் தரும் பிரிவு போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது.

14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். கட்டணம் இல்லை. மனம் சரியில்லை என்று பேச 14416, டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள். குடிப்பவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். முதல் முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்போ நடுக்கமோ வந்ததா. மருத்துவர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.